“நீதானே சொன்னே!” – மருத்துவ முகாமில் மொழிபெயர்க்கும் பெண்ணின் கேள்வி

கோத்தகிரிக்குக் கீழே உள்ள ஓர் இருளர் குடியிருப்பிலிருந்து 22 வயது வாசகி எழுதியிருக்கிறார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன). சமவெளியிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மருத்துவ முகாமில், எட்டு மாதங்களாகச் சம்பளமில்லாமல் மொழிபெயர்த்துத் தருகிறார். ஒரு நாளில் 60, 70 பேர் வருகிறார்கள். இருளர் மொழியும் தமிழும் ஒழுங்காகத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். பயிற்சி கேட்டதற்கு, “உங்க மொழி தமிழ் மாதிரிதானேம்மா, எதுக்குப் பயிற்சி?” என்றிருக்கிறார் ஒருங்கிணைப்பாளர்.

மூன்று சம்பவங்கள் அவரைத் தூங்கவிடவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிய பாட்டி ஒருவர் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டார். “நீ சரியாகச் சொல்லியிருக்க மாட்டாய்” என்று மருத்துவர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அடுத்து, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனையில் ‘கேரியர்’ என்று வந்த இளைஞரிடம், “ரத்தத்துல நோய் இருக்கு” என்று இவர் சொன்னது வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழுந்தது. இளைஞருக்கு நடந்துகொண்டிருந்த கல்யாணப் பேச்சு நின்றுபோனது. “நீதானே சொன்னே” என்று ஊர் இவரைக் கைகாட்டுகிறது. மூன்றாவது, 19 வயது என்று பதிவு செய்த ஒரு கர்ப்பிணி, உண்மையில் தனக்கு 17 என்று இவரிடம் மட்டும் சொல்லி, “அக்கா, டாக்டர்கிட்ட சொல்லிடாதே” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தன்மேல் வழக்கு வருமா, விலகிவிடுவதுதான் நல்லதா என்று கேட்கிறார்.

நீங்கள் கடைசியாக எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

அந்த 17 வயதுப் பெண்

அவளுக்கு நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதே நேர்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உணர்வு புரிகிறது. ஆனால் அது உங்களால் கொடுக்கக்கூடிய வாக்கு அல்ல. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது அவள் உடம்பு. பதின்வயதுக் கர்ப்பத்தில் ரத்தசோகை, ரத்த அழுத்தம் கூடி வலிப்பு வருதல், எடை குறைந்த குழந்தை ஆகிய அபாயங்கள் அதிகம். அவளை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், பிரசவத்தை எந்த மருத்துவமனையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் 19 என்ற பொய் எண்ணை வைத்து மருத்துவர் முடிவு செய்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான்; அவளோடு உடலுறவு கொள்வது குற்றம். கல்யாணம் ஆகியிருந்தாலும் அது மாறாது. 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்த ‘எந்த நபரும்’ காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சொல்லில் மருத்துவர், ஆசிரியர், தன்னார்வலர் என்ற பேதம் இல்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கருக்கலைப்பு தொடர்பான வழக்கொன்றில் 2022இல் உச்ச நீதிமன்றம், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. அந்தச் சலுகை பதிவுபெற்ற மருத்துவருக்குக் கொடுக்கப்பட்டது. உங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள்.

இந்தச் சட்டத்தால் குடியிருப்புகளில் என்ன நடக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. கணவன் மேல் வழக்கு வரும் என்ற பயத்தில் பெண்ணை ஒளித்துவைக்கிறார்கள். மருத்துவமனைப் பிரசவமே நழுவிப்போகிறது. நீங்கள் நேரே காவல் நிலையத்துக்கு ஓடினாலும் ஆபத்து, வாயை மூடிக்கொண்டிருந்தாலும் ஆபத்து. ஆகவே இந்த வாரமே அவளைத் தனியாகப் பாருங்கள். மாமியாரோ கணவனோ உடன் இருக்கக் கூடாது. “நீ சொன்னதை என்னால் எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியாது, டாக்டரிடம் நீயே சொல், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். அவள் மறுத்தாலும் மருத்துவரிடம் நீங்கள் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் அவளிடமே முதலில் சொல்லிவிடுங்கள். பின்னால் வேறு யார் மூலமாவது அவள் அறிந்துகொள்வதுதான் பெரிய துரோகமாகத் தெரியும். வயதை உறுதி செய்வது உங்கள் வேலை இல்லை; பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் பார்த்து அதிகாரிகள் செய்வார்கள்.

அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். காசு வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. நீங்கள் இரண்டு வகையிலும் உரிமை உள்ளவர், அவளும் அப்படித்தான். 15100 என்ற எண்ணில் அழைத்தால் மாவட்ட ஆணையத்துக்கு வழிகாட்டுவார்கள். அவளுக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

‘தமிழ் மாதிரிதானே’

ஒருங்கிணைப்பாளரின் இந்த ஒரு வாக்கியம்தான் உங்கள் மற்ற சிக்கல்களுக்கு வேர். முழுக்கப் புரியாத மொழி என்றால் எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். பாதி புரியும் மொழியில்தான் ஆபத்து.

1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவிலிருந்து வந்த அவர் குடும்பத்தார் தங்கள் ஸ்பானிய மொழியில் ‘இன்டாக்சிகாடோ’ என்றார்கள். தின்றதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் உடம்புக்கு முடியவில்லை என்பது அவர்கள் சொன்னதன் பொருள். ஆங்கிலத்தில் அதே ஓசையுள்ள சொல்லுக்குப் போதை என்று அர்த்தம். போதை மருந்து அதிகமாக உட்கொண்டவர் என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தபோது தாமதமாகிவிட்டது. கை கால் நான்கும் செயலிழந்தன. ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீட்டில் அந்த வழக்கு முடிந்தது. மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை. புரிந்துவிட்டது என்று இரண்டு தரப்பும் நினைத்ததுதான் காரணம்.

இருளர் மொழி தனி மொழி. தமிழோடு ஒட்டி ஒலிக்கும் சொற்கள் அதில் நிறைய இருப்பதால், உங்கள் பாட்டி சொல்வது தனக்கே புரிவதாக மருத்துவர் தலையாட்டும் இடங்களில்தான் நீங்கள் குறுக்கிட வேண்டும். உங்கள் மொழிப் பக்கத்தை நீங்கள் அறிவீர்கள். தமிழ்ப் பக்கத்தில் முகாமுக்கு முகாம் விழும் குழிகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

“சாப்பிட்டீங்களா?” என்பது அதில் முதலாவது. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க இப்படிக் கேட்கிறார்கள். விடியற்காலையில் சர்க்கரை போட்ட கட்டன் சாயா குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர், “இல்லை” என்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை, சோறு தின்னவில்லை. “எழுந்ததிலிருந்து வாயில் என்ன போட்டீர்கள், என்ன குடித்தீர்கள்?” என்று கேட்கட்டுமா என்று மருத்துவரிடம் அனுமதி வாங்கி, அப்படிக் கேளுங்கள்.

‘சளி’ இன்னொன்று. மூக்கில் ஒழுகுவதும் சளி, நெஞ்சிலிருந்து வருவதும் சளி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளி எடுப்பார்கள். “துப்பிக் கொடுங்க” என்று மொழிபெயர்த்தால் டப்பாவில் எச்சில்தான் வரும், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். நன்றாக மூச்சை இழுத்து, ஆழமாக இருமி, அடி நெஞ்சிலிருந்து வருவதைத் துப்ப வேண்டும் என்பதை நடித்தே காட்டலாம். (அந்த இடத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டம் உள்ள பக்கம் நில்லுங்கள்.)

‘மயக்கம்’ என்று எழுதினால் தலைசுற்றலா, நினைவு தப்பி விழுந்தாரா என்பது தெரியாது. மருத்துவருக்கு இவை இரண்டும் வேறு வேறு திசைகள். கர்ப்பிணியிடம் “குளிச்சு எத்தனை நாள் ஆச்சு?” என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். பல பெண்கள் தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து எண்ணிச் சொல்வார்கள். மருத்துவருக்கு வேண்டியது ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாள். மூன்று முதல் ஐந்து நாள் வரை இங்கேயே தவறிவிடும்.

அப்புறம் அந்த ‘ஆம்’. “வயிறு வலிக்குதாம்”, “மூணு நாளா தூங்கலையாம்” என்று சொல்லப் பழகியிருக்கிறீர்கள் என்பது நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. தமிழில் அந்த ‘ஆம்’ ஒட்டிக்கொண்டாலே ‘அவள் சொல்கிறாள், எனக்குத் தெரியாது’ என்ற தொனி வந்துவிடும், மருத்துவரும் பாட்டியை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். “எனக்கு வயிறு வலிக்குது” என்று பாட்டியின் வாயாகவே பேசுங்கள். தொடக்கத்தில் கூச்சமாக இருக்கும். இப்படித்தான் பேசப்போகிறேன் என்று இரு தரப்பிடமும் முன்னதாகச் சொல்லிவிட்டால் குழப்பம் வராது. பாட்டிக்குப் பக்கத்தில், அரையடி பின்னால் தள்ளி உட்காருங்கள். மருத்துவரின் கண் தானாக நோயாளி மேல் போகும்.

மாத்திரையை நிறுத்திய பாட்டி

நீங்கள் சொல்லாமல் விட்டதால் நிறுத்தினாரா? கடிதத்தில் உள்ளபடி, “நிறுத்தக் கூடாது” என்று மருத்துவர் சொன்னார், நீங்களும் சொன்னீர்கள். ஆனால் அந்த இரண்டு சொல்லில் பாட்டிக்கு வேண்டியது எதுவும் இல்லை. தலைவலி போய்விட்டது, நன்றாக இருக்கிறேன் என்று தோன்றும்போதும் ஏன் சாப்பிட வேண்டும்? 30 மாத்திரை தீர்ந்த பிறகு அடுத்தது எங்கே கிடைக்கும்? இதற்குப் பதில் முகாமே தரவில்லை. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பாட்டியின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் முகாம் நடத்துகிறவர்கள். உங்கள் தலையில் இதைக் கட்டியது நியாயமில்லை.

ஆனாலும் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தை மருத்துவச் சந்திப்புகள் 13ஐ ஒலிப்பதிவு செய்து மொழிபெயர்ப்புப் பிழைகளை எண்ணினார்கள். சந்திப்பு ஒன்றுக்குச் சராசரி 31 பிழைகள். அவற்றில் 52 சதவீதம், சொல்லாமல் விட்டுப்போனவை. கூட்டத்தைச் சமாளிக்க நாம் சுருக்கும்போது விழுவது பெரும்பாலும் ‘சின்ன’ விஷயம்தான். காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் இருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கும். இந்த ஒரு வரி விடுபட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து மருந்தை அடுப்பில் போட்டுவிடுவார்கள்.

ஆகவே மருத்துவரை இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அவர் பேசி முடிக்கட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்தால் பாதி மறந்துபோகும். எண்களை ஒரு சிறு தாளில் குறித்துக்கொண்டு, முகாம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். “மூணு வேளை சாப்பாட்டுக்கு அப்புறம்” என்றால், இந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை உலை வைக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு வேளைதான் என்றால் அதை மருத்துவருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். நீங்களாகத் தீர்வு சொல்ல வேண்டாம். மாத்திரையை நிறத்தால் அடையாளம் காட்டாதீர்கள்: அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வரும், வெள்ளை மஞ்சளாகிவிடும். தனித்தனி உறையில் போட்டு, சூரியனும் நிலாவும் வரையச் சொல்லுங்கள்.

முகாம்களில் மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் மருத்துவர் மேசையிலேயே மாட்டிக்கொள்கிறார். மருந்து கொடுக்கும் மேசையில் யாருமில்லை. என் கணிப்பில் பாதி விபத்து அங்கேதான் நடக்கிறது. ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்றால், பத்து நோயாளிக்கு ஒருமுறை அந்த மேசைக்குப் போய், பத்துப் பேரிடமும், “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க” என்று கேளுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நின்றுபோன கல்யாணப் பேச்சு

இங்கே தவறு நடந்திருக்கிறது. அதில் உங்கள் பங்கு சிறியது. பரிசோதனை முடிவை மருத்துவரோ ஆலோசகரோ தனி இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வரிசை நிற்கும் இடத்தில் உங்கள் கையில் தாளைக் கொடுத்தது அவர்கள் பிழை. ‘நோய் இருக்கு’ என்ற சொல் மட்டும் உங்களுடையது.

கேரியருக்கு நோய் இல்லை. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு மரபணுக்களில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். இரண்டுமே மாறியிருந்தால்தான் நோய். முகாமில் முதலில் செய்யும் கரைதிறன் பரிசோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. எச்பிஎல்சி போன்ற உறுதிப் பரிசோதனை வேண்டும். அவருக்கு அது நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். ஒருவர் கேரியர், மற்றவருக்கு மாற்றம் எதுவும் இல்லை என்றால், பிறக்கும் குழந்தைகளுக்குச் சிக்கிள் செல் நோய் வராது. கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். இருவருமே கேரியர் என்றால்தான் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை “நாலு குழந்தையில் ஒண்ணுக்கு” என்று மொழிபெயர்க்காதீர்கள். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்குப் பயமில்லை என்று அர்த்தமாகிவிடும். வெள்ளை விதை ஒன்று, சிவப்பு விதை ஒன்று ஒரு கையில் (சிவப்புதான் மாறிய மரபணு). மறு கையிலும் அதேபோல. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். திருப்பி வைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் சிவப்பே வருவது அடுத்தடுத்து நடக்கலாம், பத்து முறை வராமலும் போகலாம். சொல்லில் புரியாதது இதில் புரியும்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பது 1952லேயே பதிவாகிவிட்டது. 2023 ஜூலையில் மத்திய அரசு தனி ஒழிப்புத் திட்டமே தொடங்கியது. பரிசோதனைகள் இன்னும் வரும், உங்கள் வேலையும் கூடும். ஆகவே இந்தச் சொற்களுக்கு உங்கள் மொழியில் எது பொருந்தும், எது அவமானமாக ஒலிக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்து ஒரு சின்னப் பட்டியல் போட்டு வையுங்கள்.

பெண் வீட்டாரிடம் நீங்களே போய் விளக்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அவர்கள் காதில் விழுந்தது வதந்தி. நீங்கள் போய்ப் பேசினால் அது உறுதியாகிவிடும். முடிவு அந்த இளைஞருடையது. அவர் சம்மதித்தால், அவரையும் வைத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரோ மருத்துவரோ பேசட்டும். நீங்கள் மொழிபெயர்க்க மட்டும் போங்கள். அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்பது உங்கள் விருப்பம், நான் தடுக்கமாட்டேன்.

வழக்கு வருமா?

நல்லெண்ணத்தோடு, மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்ன தன்னார்வலர் மீது வழக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. நோயாளிக்குப் புரியும்படி விளக்கிச் சம்மதம் பெறுவது மருத்துவரின் கடமை. 2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவும், தவறான புரிதலில் கொடுத்த சம்மதம் சம்மதமே ஆகாது என்கிறது. நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் வேறு. மருத்துவர் கிளம்பிய பிறகு, “நீயே சொல்லிக் கைநாட்டு வாங்கிடும்மா” என்றால் வாங்காதீர்கள். படிவத்தில் சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இருளர் மொழியில் படித்துச் சொன்னவர்’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். சாட்சி வேறொருவராக இருக்கட்டும். பழைய சீட்டைப் பார்த்து, இந்த மாத்திரையையே தொடரலாம் என்று நீங்களாகச் சொன்னால் அன்றைக்கு நீங்கள் மொழிபெயர்ப்பாளர் இல்லை.

விலகுவதா, தொடர்வதா

விலகினால் அந்த இடத்தில் யார் உட்காருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையனோ மருமகளோ உட்கார வேண்டியிருக்கும். மாமியாரின் கர்ப்பப்பைக் கோளாறை மருமகள் மொழிபெயர்ப்பதில் என்னென்ன விடுபடும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இப்போது இருக்கிற நிலையில் தொடரச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒருங்கிணைப்பாளரிடம் மூன்றைக் கேளுங்கள். உங்கள் பெயர், பணி, பொறுப்பாளர் யார் என்று எழுதிய ஒரு கடிதம். முகாம் தொடங்குமுன் அன்றைய மருந்துப் பட்டியலோடு மருத்துவரிடம் அரை மணி நேரம். மருந்து மேசைக்கு இன்னொரு இருளர் மொழிக்காரர். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வும் வேண்டும். களைத்த வாய் முதலில் விடுவது எண்களைத்தான்.

ஒவ்வொரு நோயாளியிடமும் உங்கள் மொழியில் தொடக்கத்திலேயே இப்படிச் சொல்லிவிடுங்கள்: “நான் டாக்டர் இல்லை. நீங்க சொல்றது எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்வேன், அவங்க சொல்றது எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்வேன். டாக்டருக்குத் தெரிய வேண்டாம்னு நெனைக்கிறதை என்கிட்டயும் சொல்லாதீங்க. இங்க கேட்டதை ஊர்ல பேச மாட்டேன். சின்னப் பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆகணும்.” அரை நிமிடம்கூட ஆகாது. அந்தப் பெண் உங்கள் கையைப் பிடிப்பதற்கு முன்பே இதைக் கேட்டிருந்தால், என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று அவளே யோசித்திருப்பாள்.

அந்த மூன்றும் அடுத்த முகாமுக்கு முன் கிடைக்கவில்லை என்றால், அந்த மாதம் போகாதீர்கள். காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு, அதே சேவையை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் 17 வயதுப் பெண்ணைப் பார்ப்பதை அதுவரை தள்ளிப்போட வேண்டாம்.